மண்டிச் சீட்டும் மார்க் ஷீட்டும்

வணிக நெறிமுறை என்றால் என்ன, அதன் அவசியம் என்ன என்று பரீட்சையில் வந்தால், பி.காம்., பி.பி.ஏ. பிள்ளைகளுக்கு அது லட்டு மாதிரி கேள்வி. பத்து மார்க். முதலில் ஒரு வரையறை. பிறகு நுகர்வோருக்கு, ஊழியருக்கு, அரசுக்கு, சமுதாயத்துக்கு என்று நான்கு துணைத் தலைப்புகள். நடுவே அம்புக்குறி போட்ட ஒரு வட்டப்படம், கடைசியில் முடிவுரை. மூன்று பக்கம் தாண்டினால் எட்டு மார்க்குக்குக் குறையாது. கோட்டைவிட வழியே இல்லாத கேள்வி.

அதே பிள்ளையை, அதுவும் கன்னிவாடி, தருமத்துப்பட்டி, ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை என்றால், வகுப்புக்கு வெளியே நிறுத்தி, "உங்க அப்பா மண்டிக்குப் போட்ட தக்காளியில எவ்வளவு கழிச்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். புத்தகம் தேவைப்படாது. கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை என்று கணக்கு தானாகக் கொட்டும். கூடவே கோபமும் வரும். அடுத்து இதையும் கேளுங்கள்: "நாளைக்கு நீயே மண்டி வெச்சா கழிப்பியா, மாட்டியா?" கோபம் இருந்த முகத்தில் இப்போது ஒரு சிரிப்பு. "எல்லா மண்டியிலயும் கழிக்கிறப்ப நான் மட்டும் கழிக்காம எப்படிங்க கடையை ஓட்டுறது?"

இந்த வட்டாரத்துக் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேச்சுக்கொடுக்கிற எவருக்கும் இந்த இரண்டு பதிலும் பழக்கம்தான். மாணவர்களுக்கு வணிக நேர்மையில் அக்கறை இருக்கிறதா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு அணிக்கு இளைஞர்கள் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டார்கள். எதிரணிக்கு இவர்கள்தான் நாட்டைத் திருத்த வந்தவர்கள். நடப்பில் ஒரே பையன்தான் இரண்டு பதிலையும் சொல்கிறான், இரண்டையும் மனதாரச் சொல்கிறான். எது அநியாயம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தன் வீட்டுக்கு நடந்தால் அது அநியாயம், தான் செய்தால் அது தொழில். அந்த மனசு எங்கே திரும்புகிறது என்று பார்க்க, கன்னிவாடியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும்.

உள்ளங்கை அகலக் காகிதம்

திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி கன்னிவாடி. ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன். கீழே தக்காளி, கத்தரி, முருங்கை, மக்காச்சோளம், பருத்தி. மேலே ஆடலூர், பன்றிமலைப் பக்கம் ஏறினால் காபி, மிளகு, மலைவாழை. விளைவது இங்கே, விலையாவது வேறு ஊரில். காய் என்றால் ஒட்டன்சத்திரம். வெங்காயம், பூ என்றால் திண்டுக்கல்.

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட் தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. வருகிற காயில் பெரும்பங்கு கேரளத்துக்கு லாரி ஏறிவிடும். தக்காளிக்கு அங்கே பெட்டிக் கணக்கு. ஒரு பெட்டிக்கு 14 கிலோ என்பது வழக்கம். மாதக் கணக்கில் தண்ணீர் பாய்ச்சி, மருந்தடித்து, ஆள் விட்டுப் பறித்த காய்க்கு விலை முடிவாக ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏலம் கூறுகிறவர் அடுத்த பெட்டிக்குப் போயிருப்பார். விவசாயி கையில் ஒரு சீட்டு மிஞ்சும்.

உள்ளங்கை அகலம்தான் இருக்கும் அந்தக் காகிதம். மேலே சாமி பெயர், அதன் கீழே மண்டியின் பெயர், போன் நம்பர். பிறகு சரக்கு, பெட்டி எண்ணிக்கை, விலை, மொத்தம். அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது. கமிஷன், கூலி, வாடகை, முன்பணத்தில் பிடித்தம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் கைக்கு வருகிற தொகை. சில வரிகளுக்கு எதிரே தொகை இருக்கும், எதற்கு என்று இருக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிற அப்பாக்களுக்கு இதைப் படித்துச் சொல்கிற வேலை வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தலையில் விழும். இந்தப் பிள்ளைகளின் கணக்குப் பதிவியல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கல்லூரி வாத்தியார் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

மண்டிக்காரரை வில்லனாக்கிவிட்டால் கட்டுரை எழுதுவது சுலபம். ஆனால் அவர் வில்லன் மட்டும் இல்லை. விதை வாங்க, மருந்து வாங்க, சமயத்தில் காதுகுத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ராத்திரியில் பணம் கொடுப்பவர் அவர்தான். பேங்க் அதைச் செய்யாது. வெளியூர் வியாபாரி கடன் சொல்லிச் சரக்கை ஏற்றிப்போனாலும் விவசாயிக்குக் கையில் காசு கொடுத்து அனுப்புகிறவரும் அவரே. அந்த வியாபாரி ஏமாற்றினால் நட்டம் மண்டிக்குத்தான். அதற்கெல்லாம் ஒரு கூலி உண்டு, கமிஷனை அப்படிப் பார்த்தால் நியாயம் புரியும். முன்பணம் வாங்கியவர் வேறு மண்டிக்குச் சரக்கைக் கொண்டுபோக முடியாது என்பதும், எதற்குக் கழிக்கிறார்கள் என்று கேட்க அவருக்கு வாய் வராது என்பதும்தான் நியாயமாகப் படவில்லை. கழிப்பதைவிட, கழித்ததற்குக் காரணம் எழுதாமல் விடுவது பெரிய தப்பு. கமிஷன் வேறு, வட்டி வேறு, எடைக் கழிவு வேறு. மூன்றும் ஒரே கோட்டுக்குக் கீழே போய் ஒன்றாகிவிடுகின்றன.

முதலாளியின் சார்பாக முகவர் செயல்படும்போது இருவர் நலனும் மோதினால் என்ன ஆகும் என்பது மேலாண்மைப் படிப்பில் ஒரு தனிப் பாடம். உதாரணத்துக்கு அமெரிக்கக் கம்பெனி ஒன்று வரும், கூடவே சத்யம் கம்ப்யூட்டர்ஸ் வரும். 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கைத் திரித்ததை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிய கதையை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த மோசடியின் அளவு சுமார் 7,000 கோடி ரூபாய், அது ஹைதராபாத்தில் நடந்தது, செய்தவர் யாரோ. பிள்ளையின் பையில் அப்பாவின் மண்டிச் சீட்டு இருக்கும். அதை எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லும் வகுப்பைக் காண்பது அரிது.

எதையும் மறைக்காத சந்தைக்கும் முன்னுதாரணம் உண்டு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது யாரும் வியாபாரிகளுக்கு நீதிபோதனை செய்யவில்லை. தராசைச் சந்தையே கொடுத்தது, அன்றைய விலையை எல்லார் கண்ணிலும் படும்படி பலகையில் எழுதிப் போட்டது, நடுவில் கமிஷன் இல்லை. இடைத்தரகுப் பிரச்னை அதோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெட்டி பெட்டியாகத் தக்காளி எடுக்கிறவர் உழவர் சந்தையில் உட்கார்ந்து கிலோ கிலோவாக விற்க முடியாதே. இருந்தாலும் அந்தப் பலகை ஒரு வேலை செய்தது. விலை என்ன என்று யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

கறுத்த முட்டையும் காலாவதியும்

கன்னிவாடிக்கு இன்னொரு முகம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்தப் பகுதியில் வேலை செய்துவருகிறது. பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வழியாக டிரைக்கோடெர்மா விரிடி போன்ற உயிரியல் மருந்துகளையும் டிரைக்கோகிராமா ஒட்டுண்ணி அட்டைகளையும் தயாரிக்கப் பயிற்சி கொடுத்தது. வணிக நேர்மையை வகுப்பில் விளக்க ஒரே ஒரு பொருள்தான் கொண்டுவரலாம் என்றால் நான் அந்த அட்டையைத்தான் கேட்பேன்.

கம்பெனிக்காரர்கள் பெருமையடிக்கிற எந்தத் தொழிலுக்கும் குறையாத நுட்பம் இதில் இருக்கிறது. நெல் அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளைச் சேகரித்து, பசை தடவிய அட்டையில் தூவுவார்கள். ஒரு சி.சி. அட்டையில் ஏறக்குறைய 20,000 முட்டை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத டிரைக்கோகிராமா குளவி அந்த முட்டைகளுக்குள் தன் முட்டையை இடும். மூன்று நான்கு நாளில் முட்டைகள் கறுத்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் உள்ளிருந்து குளவி வெளியே வந்துவிடும். அதற்குள் அட்டை வயலுக்குப் போய், துண்டுதுண்டாக வெட்டி, இலையின் அடியில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் குளவி காய்ப்புழுவின் முட்டையைத் தேடிப் போகும். நாள் கடந்த அட்டையில் குளவி ஏற்கெனவே பறந்துபோய், ஓட்டைவிழுந்த கறுப்பு ஓடுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டு அட்டையும் ஒன்றுதான்.

ஆக, வாங்குகிற விவசாயிக்குச் சரக்கின் தரம் தெரிய வழியில்லை. விற்கிற பெண்ணுக்குத் தெரியும். அட்டைமேல் அவள் எழுதுகிற தேதி ஒன்றுதான் இருவருக்கும் நடுவில் நிற்கிறது. டிரைக்கோடெர்மா பாக்கெட்டும் அப்படித்தான். கிராமுக்கு 20 லட்சம் உயிரணுவாவது இருக்க வேண்டும் என்பது அரசு விதித்த அளவு. உயிர் போன பவுடரும் பார்வைக்கு அதே பவுடர்தான். போலி உயிர் உரம், போலி விதை, போலி மருந்து எல்லாம் பிழைத்துக் கிடப்பது இந்த இடைவெளியில்தான். பயிர் படுத்துக்கொண்டால் மழை மேல் பழிபோடலாம், மண் மேல் போடலாம், விவசாயியின் மேலேயே போடலாம்.

குழுப் பெண்கள் காலாவதியான அட்டையைத் தேதி மாற்றி விற்றால் பிடிபட மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் வாங்குகிறவர் அதே ஊர்க்காரர், ரேஷன் கடை வரிசையில் நாளைக்கே முன்னால் நிற்பார். சிறிய ஊரின் வியாபாரத்துக்கு இது பெரிய காவல். அதே பொருள் பாக்கெட்டில் அடைபட்டு மூன்று மாவட்டம் தாண்டிப் போகும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. அந்த இடத்தில் லேப் சோதனையும் சட்டமும் வந்து நிற்க வேண்டும். மாணவர்கள் பலருக்கும் புரியாமல் இருப்பது இந்தக் கட்டம்தான் என்று தோன்றுகிறது. ஊருக்குள் ஏமாற்றுவது அசிங்கம் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகம் தெரியாத ஆளை ஏமாற்றுவது பற்றித்தான் அவர்களுக்குத் தெளிவான கருத்து இல்லை.

திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்த பூட்டு, சாவிக்கு ஏற்ற லீவர், மாங்காய்ப் பூட்டு என்று பெருமையெல்லாம் சரிதான். கடைவீதியில் அலிகாரிலிருந்து வந்த மெஷின் பூட்டும் 'திண்டுக்கல் பூட்டு' என்ற பேச்சிலேயே விலைபோகிறது என்பது இங்குள்ள பூட்டுத் தொழிலாளர்களின் பழைய புகார். உள்ளூர்க்காரர் யாரும் அப்படி ஏமாறுவதில்லை. ஏமாறுவது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஞாபகார்த்தமாக ஒன்று வாங்கிப்போகிற வெளியூர்க்காரர்.

மில் பஸ்ஸும் காலேஜ் பஸ்ஸும்

இந்த மாவட்டத்தின் கிராமங்களில் காலையில் இரண்டு வகை வண்டி வரும். காலேஜ் பஸ் ஒன்று, மில் வண்டி இன்னொன்று. அக்கா மில் வண்டியில் ஏறியதால்தான் தங்கை காலேஜ் பஸ்ஸில் ஏற முடிந்தது என்ற வீடுகள் ஏராளம். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தொகை என்று ஆசைகாட்டிய 'சுமங்கலித் திட்டம்' இந்த வட்டார நூற்பாலைகளில் எப்படி நடந்தது என்பது மாணவிகளுக்குப் புத்தகச் செய்தி இல்லை. சித்தி மகள் பாதியில் திரும்பி வந்தாள், அந்த மொத்தத் தொகை வரவே இல்லை என்று வீட்டுக் கதையாகவே தெரியும்.

2021 ஜனவரியில் இந்த மாவட்டத்தின் நாச்சி அப்பேரல் ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் இளம்பெண் கொலையானார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். ஆலைக்குள் பெண்களுக்கு நடந்துவந்த தொல்லைகள் பற்றி மற்ற தொழிலாளர்களும் பேசத் தொடங்கினார்கள். அங்கே தைத்த துணி எச் அண்டு எம் போன்ற உலகப் பெரிய கடைகளுக்குப் போனது. தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளும் ஓராண்டுக்கு மேல் போராடியதில், 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்டு எம்மும் முதலில் ஒப்புக்கொண்டன. கேப், பி.வி.எச். ஆகியவை பின்னால் சேர்ந்தன. ஆசியாவில் ஆடைத் துறையில் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக, பிராண்டுகளையும் இப்படிச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அதுவே முதல். உலகம் முழுக்க அதற்குப் பெயர் 'திண்டுக்கல் ஒப்பந்தம்'.

அதில் உபதேசம் கிடையாது. ஆலைத் தளத்தில் பெண் தொழிலாளர்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. விசாரணைக்கு வெளியாட்கள் உண்டு. ஆலை ஒத்துழைக்காவிட்டால் பிராண்டுகள் ஆர்டரைக் குறைக்கும். முதல் ஆண்டு அறிக்கைப்படி 185 புகார்கள் வந்தன, 182 தீர்ந்தன. புகார் அதிகமாக வந்தது கெட்ட செய்தி என்று நினைக்கக் கூடாது. வாயைத் திறக்க ஒரு வழி கிடைத்ததால் வந்த எண்ணிக்கை அது. நடுவில் 2022 ஜூலை கடைசியில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் துணிக்குத் தடைபோட்டு, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருப்பதைப் பார்த்து செப்டம்பரில் விலக்கிக்கொண்டது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொழிலாளர் உரிமை பற்றிப் படிப்பவர்கள் இந்த மாவட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் படிக்கிறார்கள். நம் ஊர் பி.பி.ஏ. பிள்ளைக்குத் திண்டுக்கல் என்றதும் பிரியாணியும் பூட்டும் நினைவுக்கு வருகின்றன. ஒப்பந்தம் என்றால் "எந்த ஒப்பந்தம் சார்?"

தோல் ஆலைகளின் கதையும் அப்படி மறந்துபோன ஒன்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. அப்போது 'திண்டுக்கல் அண்ணா' என்றிருந்த நம் மாவட்டம் உள்பட ஐந்து மாவட்டத்துத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சட்டக் கல்லூரிகளில் அது கட்டாயப் பாடம். வணிகவியல் வகுப்பில் 'சுற்றுச்சூழலுக்கு நிறுவனத்தின் பொறுப்பு' என்று ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது.

நெய் விலை

2024 செப்டம்பரில் திண்டுக்கல் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. திருப்பதி லட்டுக்கு வந்த நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்தது என்று ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு குற்றம்சாட்டினார். நெய் அனுப்பிய நிறுவனங்களில் ஒன்று திண்டுக்கல்லைச் சேர்ந்த ஏ.ஆர். டெய்ரி. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. அக்டோபர் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ., ஆந்திரப் போலீஸ், உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றின் அதிகாரிகளைக் கொண்ட ஐவர் குழுவை நியமித்தது. 2025 பிப்ரவரியில் பல மாநில நிறுவனங்களைச் சேர்ந்த சிலர் கைதானார்கள். யார் என்ன செய்தார்கள் என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதியவர்கள் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை.

அந்த நாட்களில் கேன்டீனிலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் பேசியதெல்லாம் கோயில், அரசியல், ஊர் மானம். மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள்கூட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை விட்டுவிட்டார்கள். ஒரு கிலோ நெய்க்குப் பசும்பால் என்றால் சுமார் 25 லிட்டர் வேண்டும். கொழுப்பு எடுத்த பாலுக்கும் விலை உண்டுதான், அதைக் கழித்துத்தான் அடக்கவிலை போட வேண்டும். டெண்டரில் பேசப்பட்ட விலை கிலோ சுமார் 320 ரூபாய் என்று செய்தி வந்தது. அடக்கவிலைக் கணக்குத் தாளில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறவர்கள் இதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம். எந்த ஒரு நிறுவனத்தையும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்ற வழக்கத்தைப் பற்றித்தான் பேச்சு. விற்பவனின் நேர்மை பற்றி மூன்று பக்கம் எழுதுகிற பாடத்திட்டத்தில் வாங்குகிறவன் கேட்கும் விலை நியாயமா என்ற கேள்விக்கு இடமே இல்லை. அரசு, கோயில், ஆஸ்பத்திரி, சத்துணவு, கல்லூரி ஹாஸ்டல் எல்லாம் பெரிய கொள்முதல்காரர்கள்தான்.

காப்பி அடிக்கும் அறம்

வணிகம் படிப்பவர்கள் மற்றவர்களைவிட நேர்மை குறைந்தவர்களா? அமெரிக்காவில் இதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். டொனால்ட் மெக்கேப் என்ற பேராசிரியரும் நண்பர்களும் அமெரிக்கா, கனடாவின் 32 கல்வி நிறுவனங்களில் 5,000-க்கு மேற்பட்ட முதுநிலை மாணவர்களிடம் கேட்டு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஆண்டில் படிப்பில் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டவர்கள் வணிக மாணவர்களில் 56 சதவீதம், மற்றவர்களில் 47 சதவீதம். மற்றவர்களும் அப்படியொன்றும் உத்தமர்கள் இல்லை! தன்னைச் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பதுதான் ஒருவரை அதிகம் ஏமாற்றவைக்கிறது என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. 'எல்லா மண்டியிலயும் கழிக்கிறப்ப' என்பதற்கு அமெரிக்க வடிவம். 1993-ல் ராபர்ட் ஃபிராங்க் முதலானவர்கள் நடத்திய சோதனைகளில், பொருளாதாரம் படித்தவர்கள் ஒத்துழைப்பதைவிடத் தன் லாபத்தைப் பார்ப்பதில் முன்னால் நின்றார்கள். படிப்பு அப்படி ஆக்குகிறதா, அப்படிப்பட்டவர்கள்தான் அந்தப் படிப்புக்கு வருகிறார்களா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நம் ஊரில் அந்த அளவுக்குப் போக வேண்டாம். கல்லூரி வாசலில் நிற்கிற ஜெராக்ஸ் கடையைப் பாருங்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் வேண்டுமா? 'வாடிக்கையாளர் திருப்தி குறித்த ஓர் ஆய்வு' தயாராக இருக்கிறது. கம்பெனி பெயரையும் ஊர் பெயரையும் மாற்றி, உங்கள் பெயரைப் போட்டு, கோல்டன் எம்பாசிங்கில் பைண்டு பண்ணித் தருவார்கள். 120 பேரிடம் கேட்டதாக எழுதிய கேள்வித்தாளை யாரிடமும் கொடுத்திருக்க மாட்டார்கள். வைவாவுக்கு வருகிற வெளித்தேர்வாளருக்கும் இது தெரியும், வழிகாட்டிப் பேராசிரியருக்கும் தெரியும். வணிக நெறிமுறைத் தாளில் எட்டு மார்க் வாங்கிய கையால்தான் பிள்ளை அந்த ரிப்போர்ட்டின் உறுதிமொழிப் பக்கத்தில் 'இது என் சொந்த முயற்சி' என்று கையெழுத்துப் போடுகிறான்.

பிள்ளையை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும்? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. தமிழ்நாட்டின் 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் கணக்கில் காட்டப்பட்டிருந்தார்கள் என்றது. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் தெரிகிற முகங்களைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்லூரி எப்படி நடக்கிறது என்பதும் ஒரு பாடம், அதற்குத் தனிப் பரீட்சை கிடையாது.

இந்த வட்டாரக் கல்வி நிறுவனங்களில் காந்திகிராமத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சின்னாளபட்டி அருகே 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. சௌந்தரம், பஸ் கம்பெனியிலிருந்து தொழில் சாம்ராஜ்யம் கட்டிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். அறமில்லாத வாணிகத்தைச் சமூகப் பாவங்களில் ஒன்றாகச் சொல்லும் பட்டியலை 1925 அக்டோபரில் 'யங் இந்தியா'வில் வெளியிட்ட காந்தியின் பெயரில், ஒரு பெரிய வணிகக் குடும்பத்துப் பெண் கட்டிய நிறுவனம். மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் படிக்க வேண்டும் என்பது அங்கே படிப்பின் ஒரு பகுதி. பத்து மார்க் கேள்வியால் வராதது அந்த மாதிரித் தங்கலில் கொஞ்சம் வரும் என்று நம்ப இடமிருக்கிறது. மண்டிச் சீட்டை வாங்கிப் பார்க்காமல் கிராமத்தில் நாலு நாள் இருக்க முடியாது.

திருக்குறள் கையில் இருக்க இதெல்லாம் எதற்கு என்பவர்களும் உண்டு. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்கிற குறள் இல்லாத நெறிமுறைப் பாடநூலைக் காண்பது கடினம். வள்ளுவர் அதைப் பொருட்பாலில் வைக்கவில்லை, அறத்துப்பாலில் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். பாடநூல்காரர்கள் அதை முதல் பக்கத்தில் அச்சடித்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்விடுகிறார்கள்.

முதல் வியாபாரம், முதல் வேலை

பல மாணவர்கள் செய்யும் முதல் வியாபாரம் கல்லூரி முடிவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 'இந்த ஆப்பில் சேர்ந்து மூணு பேரைச் சேர்த்துவிட்டால் போட்ட பணம் வந்துவிடும், அதற்கு மேல் வருவது லாபம்.' ஹாஸ்டல் அறையில் ஒருவன் சேர்ந்தால் ஒரு வாரத்தில் அந்த வரிசை முழுக்கச் சேர்ந்துவிடும். கடைசியில் சேர்ந்தவனுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், "அதுக்குள்ள நாம எடுத்துடலாம்" என்பார்கள். ஏமாற்றுத் திட்டம் என்று தெரியாமல் சேர்வதில்லை. சீக்கிரம் வெளியேறிவிடலாம் என்ற தெம்பில் சேர்கிறார்கள். 2012-ல் சரிந்த பெருந்துறை ஈமு கோழித் திட்டத்தில் நிலத்தை அடகுவைத்த பெரியவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். 2,400 கோடிக்கு மேல் வசூலித்த ஆருத்ரா கோல்டு நிறுவனம் 2022-ல் சரிந்தபோதும் அப்படித்தான். நண்பனைச் சேர்த்துவிட்டு அவன் பணம் போனபின் அவன் முகத்தில் விழிக்க முடியாமல் அறை மாறிய பிள்ளைகள் இருக்கிறார்கள். நூறு நெறிமுறை வகுப்பைவிட அது உறைத்திருக்கும்.

வேலை என்று வரும்போது கதை முழுவட்டம் திரும்பிவிடுகிறது. ஐ.டி., பேங்க் என்று கனவு கண்ட பி.காம். பட்டதாரிகளில் கணிசமானவர்களுக்கு முதலில் கிடைப்பது மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் களப்பணி. காலையில் ஒரு ஊர், பத்து மணிக்கு இன்னொரு ஊர். குழுவாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாரத் தவணை வசூல். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்களை எழுந்து போக விடாமல் உட்காரவைப்பது பழைய உத்தி. மாதக் கடைசியில் டார்கெட் முடியவில்லை என்றால் இன்சென்டிவ் போய்விடும், அதற்கப்புறம் வேலையும் போய்விடும். அதனால் ஏற்கெனவே மூன்று கம்பெனியில் கடன் இருக்கிற வீட்டுக்கே நான்காவதும் கொடுத்துவிட்டு வருவார்கள். திருப்பிக் கட்ட முடியாது என்பது கொடுக்கிறவருக்கே தெரியும். இன்சூரன்ஸ் பாலிசியைக் கடனோடு சேர்த்து ஒட்டிவிடுவதும் உண்டு.

வசூலில் மிரட்டல், அவமானப்படுத்தல் எல்லாம் கைமீறிப் போனதால்தான் 2025-ல் தமிழ்நாடு அரசு கடன் நிறுவனங்களின் கட்டாய வசூல் முறைகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தையோ தொல்லைப்படுத்தினால் சிறை. தொல்லை தாங்காமல் தற்கொலை நடந்தால் தூண்டிய குற்றம் பாயும். சட்டம் கம்பெனியைப் பார்த்து எழுதப்பட்டது. வாசலில் நிற்கும்போது போலீஸ் முதலில் பிடிப்பது பைக்கில் வந்த அந்த 22 வயதுப் பையனை.

அவன் அம்மாவும் ஒரு குழுவில் இருப்பாள். வேறு கம்பெனியிலிருந்து வேறு ஒரு பையன் அங்கே தவணை வாங்க வருவான். இந்த வேலைக்கான விளம்பரங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும்போது கேட்கும் தகுதிகள் பெரும்பாலும் ஒன்றுதான்: ஏதாவது ஒரு டிகிரி, சொந்த டூ-வீலர், டிரைவிங் லைசென்ஸ், சுற்று வட்டாரக் கிராமங்களில் நல்ல அறிமுகம்.